பத்துச்சீட்டு இல்லாமல் போனவர்கள்

றொசல்ல நிலையத்தில் நானுஓயா வண்டி இருபத்திரண்டு நிமிடம் தாமதம். பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், தமக்குத் தெரிந்த துணிக்கடைக்கார முஸ்லிம் நானாவிடம் கேட்டார்.

“போர்த்துக்கீசன் போனப்ப யாரு நானா பத்துச்சீட்டு குடுத்தது?”

தோட்டத்தை விட்டு விலகுபவனுக்கு வெள்ளைக்காரத் துரை தரும் கடுதாசி அது. அது இல்லாதவனின் பேரை வேறு தோட்டத்தில் பதியமாட்டார்கள்.

“யாரும் குடுக்கல. நூத்தம்பது வருசம் கறுவா வித்தான், ஒல்லாந்தன் வந்து வெரட்டிட்டான்.”

“ஒல்லாந்தன்?”

“அவனும் கறுவாவுக்குத்தான் வந்தான். ஏறக்குறைய அதே காலம் இருந்தான். இங்கிலீசுக்காரன் வெரட்டினான்.”

“அவனுக்கும் சீட்டு இல்ல.”

“இல்ல.”

“நான் மூணு தடவ கேட்டுட்டேன் நானா. கொழுந்து கொறையட்டும்னு தொர சொல்றாரு. மக நானுஓயாவுல மாசமா, ஒத்தையில இருக்கா. கொழுந்து கொறையிற வரைக்கும் புள்ள வயித்துலயே இருக்குமா?”

“சீட்டு இல்லாம அங்க உள்ள தொர ஒன்ன சேப்பாரா?”

“தொரமாரும் சீட்டு இல்லாம வந்தவங்கதானே. கேட்டுப் பாக்குறேன்.”

“இத அவருகிட்ட சொல்லிராத.”

வண்டி வந்தது. அவர் இரண்டு மூட்டைகளையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கங்காணி கடைக்கு வந்து ஒன்னத் தேடினா என்னா சொல்ல?”

“ஒல்லாந்தன் வந்து வெரட்டிட்டான்னு சொல்லுங்க.”