கேட்காமல் செய்த சோதனை

ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தபோது, கர்ப்பிணிகளிடம் சொல்லாமலே அவர்களுடைய சிறுநீரில் போதைப்பொருள் சோதனை செய்தேன். கசகசா அரைத்த குருமா சாப்பிட்ட ஒருத்திக்குப் போதை என்று வந்தது; கசகசா அபின் செடியின் விதைதான். பிறந்த குழந்தையை இரண்டு நாள் அவளிடம் தரவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, சம்மதம் கேட்கும் தாள் ஒன்றைத் தமிழில் எழுதி அந்த மருத்துவமனைக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

நேற்று ஷார்ஜாவின் ரோலா பஸ் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஏழுமாதக் கர்ப்பிணியும் கணவனும் நின்றார்கள்.

"போதை டெஸ்ட் பண்ணட்டுமான்னு நர்ஸ் கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன்."

"அடிப்பாவி, ஏன்?"

"முந்தாநேத்து ஊர்ல வளைகாப்புக்கு உங்கம்மா வச்ச குருமாவுல அவ்ளோ கசகசா!"

"திட்டலியா?"

"சிரிச்சாங்க. குருமா எப்படி வைக்கணும்னு கேட்டாங்க."

"மாட்டேன்னா விட்டுருவாங்களா?"

"விடணுமாம். தமிழ்லயே எழுதிக் குடுத்திருக்காங்க, பாருங்க."

அவள் விரித்த தாளில் என் வரிகள் இருந்தன.