பழைய பெயரில் புது வைஃபை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை நெரிசலில் ஊர்ந்த பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த இளம்பெண் தன் தோழியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

“வாடகை வீட்டு ஸ்மார்ட் விளக்கெல்லாம் எங்க புது வைஃபையில சேரவே இல்லக்கா. வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். ‘என்னோட பழைய வைஃபை பேரும் பாஸ்வேர்டும் அப்படியே வைம்மா, தானா சேந்துக்கும்’னார்.”

“சேந்துச்சா?”

“விளக்கெல்லாம் சேந்துச்சு. போன் ஆப்புல பார்த்தா, கூடவே ஒரு கேமராவும்.”

“கேமரா வேற வாங்கிட்டியா? வசதிதான் லா,” என்று சிரித்தாள் தோழி.

“நாங்க வாங்கலக்கா. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கல.”

தோழியின் சிரிப்பு அடங்கியது.

“ரவுட்டரைப் பிடுங்கிப் போடு.”

“காலையிலேயே பிடுங்கிட்டேன். அதுலேர்ந்து வீட்டுக்காரர் போன் பண்றார், வைஃபை ஏன் வரலைன்னு.”

“அவரு வேற வீட்டுல, தோ பாயோவுலல்ல இருக்காரு? அவருக்கு எப்படித் தெரியும்?”

அவள் மடியிலிருந்த கைப்பேசி மீண்டும் அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.