கட்டைக்கால் எழுத்து

கல்யாணப் பத்திரிகைக்கு என் எழுத்து ஒத்துவராது, ஐயா. அதை நானே ஒப்புக்கொள்கிறேன். தடித்த உடம்பு, கோடு முடிகிற இடத்திலெல்லாம் செங்கல் வைத்தாற்போல் சதுரமாக ஒரு கட்டை. எங்கள் போர்டு கடையில் அதற்குக் கட்டைக்கால் எழுத்து என்று பெயர். நளினம் கிடையாது. ஆனால் மின்சார அறைக் கதவிலோ சரக்குப் பெட்டியிலோ அதை வைத்துப் பாருங்கள். மங்கின வெளிச்சத்திலும், கண்ணாடியை மறந்து வந்தவருக்கும் பளிச்சென்று தெரியும். அந்தக் கட்டைகள்தான் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன.

நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களே, என் தங்கை புருஷன், அவர் கடைக்குக் கூட்டாளியாக வந்த பிறகு எல்லாம் மாறிப் போனது. முடி மாதிரி மெல்லிய எழுத்து. அதுவும் வெள்ளையில் சாம்பல் நிறம். வந்தவர்களெல்லாம் அதையே கேட்டார்கள்.

"மச்சான், உங்க எழுத்து செருப்போட வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வயிறு பற்றிக்கொண்டு எரியும், பொய் சொல்வானேன்.

நீங்கள் விசாரிக்கிற அந்தக் கிடங்கில் பின்பக்கப் படிக்கட்டை இடித்துவிட்டார்கள். மாடிக் கதவைத் திறந்தால் வெறும் பள்ளம். பூட்டு மறுநாள்தான் வரும், அதுவரைக்கும் கதவில் ஒரு எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை தன் மெல்லிய எழுத்திலேயே செய்தார். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பலகையானாலும் நான் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணைப் பாதி மூடி, படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். அன்றும் நின்றேன். வெள்ளைப் பலகை மட்டும்தான் தெரிந்தது.

"என்ன மச்சான், தேறுமா?"

"ஜோரா இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.

கிடங்கு முதலாளி கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவார், மாப்பிள்ளை மூக்குடைபடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று தங்கை வந்தாள். "அவரு வேணும்னு செய்வாராண்ணே? நீயே சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அந்தக் கையால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. பாவி நான். குற்றம் அவருடையது இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

பலகையை மாட்டப் போனது நான். கடைசித் திருகாணியை இறுக்கும்போது, தரை துடைக்கிற பெண் வாளியோடு வந்தாள். வேலைக்குப் புதிது.

"அண்ணே, இந்தப் பக்கமா எறங்கலாமா?"

'கூடாது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"போர்டைப் படிச்சுப் பாரும்மா" என்றேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியும், ஐயா. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதடு அசைய அசைய முயன்று பார்த்தாள். நடைவழியில் வெளிச்சம் போதாது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். நான் ஏணியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டேன். அவள் கதவைத் திறந்தாள்.

நான் தள்ளவில்லை. என் எழுத்தாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், ஐயா. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.