யோசனை சொல்ற உத்தியோகம்

தலவாக்கலையிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"யோசனை சொல்றதுக்குச் சம்பளமா?" என்றாள் மூத்தவள்.

"ஆமாக்கா. எங்க லயத்துல பக்கத்து வீட்டுப் பையன் செல்வத்துக்குக் கெடச்சிருக்கு. தோட்டம் தோட்டமாப் போயி, தேயிலைக்கு என்ன நோவுன்னு பார்த்துச் சொல்லணும்."

"படிப்பு முடிஞ்சதும் குடுத்துட்டாங்களா?"

"எங்க! இண்டர்வியூவுக்கு ஆறு பேரு. வாடுன செடியைக் காட்டி, என்ன செய்யலாம்னு தோட்டத்துத் துரை கேட்டாராம். மத்தவங்க உடனே மருந்து பேரைச் சொன்னாங்க. இவன் மட்டும் கொழுந்து எடுக்கறவங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்னு மலையேறிட்டான். மழைத்தண்ணி வேர்ல நிக்குதுன்னு ஒரு பொம்பளை காட்டியிருக்கு. தண்ணி வடியக் கான் வெட்டணும்னு வந்து சொன்னானாம். அங்கேயே வேலை."

"பொம்பளை சொன்னதுன்னு துரைகிட்ட சொன்னானா?"

"பேரோட சொன்னானாம்க்கா."

மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்க தோட்டத்துக்கும் வரச்சொல்லும்மா. முப்பது வருசமா கொழுந்து எடுக்கறேன். என்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல."