வடக்குக் கோபுரத்துச் சுவர்

நீங்கள் வரவழைத்த டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறை சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், பிறகு சர்க்கரைக்கு வரலாம். செத்துப்போனவருக்கு அந்த முறை தெரியாது. எடுத்த எடுப்பிலேயே சர்க்கரையில்தான் ஆரம்பிப்பார்.

எங்கள் விளையாட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது மாதிரி துப்பாக்கி, கார் எல்லாம் அதில் கிடையாது. படமே கிடையாது. திரையில் எழுத்து மட்டும் வரும். 'நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள். கிழக்கே ஆற்றின் சத்தம் கேட்கிறது' என்று இருக்கும். 'கிழக்கே போ' என்று தட்டினால் ஆற்றங்கரை வரும். 'விளக்கை எடு' என்றால் விளக்கு உங்கள் பைக்குள் வந்துவிடும். ராஜா, மந்திரவாதி, ராட்சசன், ஏழு கோபுரம் எல்லாம் உண்டு. அத்தனையும் நான் எழுதியது. ஆடுகிறவர் என்ன தட்டினால் என்ன பதில் வர வேண்டும் என்பதும் நான் எழுதி வைத்ததுதான். பணம் போட்டது மாமா, என் அக்காவின் கணவர். அதனால் முதலாளி அவர், உழைப்பு நான். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு.

அவ்வளவு எழுதினால் அங்கங்கே ஓட்டை இருக்கத்தான் செய்யும். யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை, வௌவால் வரும்வரை. அது அவர் விளையாட்டில் தனக்கே வைத்துக்கொண்ட பெயர். கருத்துப் பக்கத்தில் வந்து எழுத ஆரம்பித்தார். வெட்டிச் சாய்த்த ராட்சசன் மறுபடி வழிமறித்து வணக்கம் சொல்கிறான், செத்தும் மரியாதை போகவில்லை என்றார். குதிரையைத் தூக்கிப் பைக்குள் போட முடிகிறது, குதிரைக்கும் ஆட்சேபனை இல்லை போலிருக்கிறது என்றார். ஆற்றில் எறிந்த விளக்கு தண்ணீருக்கடியிலும் எரிகிறதே, எண்ணெய் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. என் ஆட்டத்துக்குள் நுழைவதற்கு முன்னால் வௌவால் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். குதிரையைப் பைக்குள் போட்டுப் பார்ப்பதற்காகவே புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பிறகு வடக்குக் கோபுரத்துக்கு வந்தார். அதன் மொட்டைமாடியை நான் எழுதியதுபோல் வேறு எதையும் எழுதியதில்லை. கைப்பிடிச்சுவருக்கு மட்டுமே தனியாகச் சில வரிகள். பகல் முழுக்க வெயில் குடித்த கல், இடுக்கில் காய்ந்த பாசி, யார் யாரோ சாய்ந்து சாய்ந்து வழவழப்பான விளிம்பு. அதைப் பற்றி அவர் எழுதியதை இப்போதும் வரி மாறாமல் சொல்வேன். 'படித்ததும் ஆசையாக இருந்தது. சுவரில் சாய் என்று தட்டினேன். அப்படி எதுவும் இங்கே இல்லை என்று பதில் வருகிறது. எழுதியவர் இந்த மாடியில் ஒரு தடவையாவது நின்று பார்த்தாரா?'

குதிரை போகட்டும், ராட்சசன் போகட்டும். இது என்னைக் கேட்ட கேள்வி. சுவர் அழகுக்காக எழுதியது, சாய்வதற்கு அல்ல என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து கருத்துப் பக்கத்தில் எவன் எதைக் குறை சொன்னாலும், 'அழகுக்காக' என்று கீழே நாலு பேர் எழுதிச் சிரித்தார்கள். ஆட்டம் தருகிற அந்தப் பதிலைச் சரிசெய்ய எனக்கு அரை மணி நேரம் போதும். செய்யவில்லை. ஏன் செய்ய வேண்டும்?

மாமா என்ன செய்தார் தெரியுமா? அவரை வேலைக்குக் கூப்பிட்டார். "மாப்ள, ஓசியிலயே இவ்வளவு ஓட்டை கண்டுபிடிக்கிறவர், சம்பளம் குடுத்தா ஆட்டத்தையே தூக்கி நிறுத்திடுவாருடா," என்றார்.

வௌவால் தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் வருவதைக் கணினி அவருக்குக் காதில் படித்துச் சொல்லும். நமக்கு ஒரு வார்த்தை பிடிபடாத வேகத்தில் அது ஓடும், அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். வௌவால் என்ற பெயரின் விஷமம் அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் மரியாதையாகத்தான் பேசினேன். இவ்வளவு குறை இருக்கிற ஆட்டத்தை ஏன் விடாமல் ஆடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மத்த ஆட்டத்துல எல்லாம் நான் வெளியாள் சார்," என்றார். "உங்க ஆட்டத்துல யாருக்குமே கண்ணு கிடையாது. நீங்க எழுதினதுதான் எல்லாருக்கும் கண்ணு. எனக்கு இதுதான் சொந்த வீடு மாதிரி. பிடிக்காத வீட்டுல யாராவது ஒட்டடை அடிப்பாங்களா?"

நல்ல பேச்சுக்காரர். என் மனதைக் கரைக்கப் பார்த்தார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அலுவலகம் டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. பின்பக்கம் ஒரு பால்கனி, அங்கேதான் டீ. கொஞ்ச நாளில் இடம் முழுக்க அவருக்குப் பழகிவிட்டது. கைத்தடியை மேஜையோரம் சாத்திவிட்டுத் தானாகவே பால்கனிக்கு வருவார், அதன் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டீ குடிப்பார். ஆனால் தினமும் சாய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். "சாயலாமா சார்?" என்பார். நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு வாளியோ பெயிண்ட் டப்பாவோ இருக்கலாம் அல்லவா. நான் "சாயுங்க" என்பேன். இதுவும் எனக்குக் குத்தலாகவே பட்டது. எழுதினதை நம்பாத ஆள், சொன்னதை மட்டும் நம்புவாராம்.

அவர் வந்தபின் ஆட்டம் நன்றாக ஓடியது. குதிரை பைக்குள் போக மறுத்தது, விளக்கு தண்ணீரில் அணைந்தது. கருத்துப் பக்கத்தில் தரம் கூடிவிட்டது என்று எழுதினார்கள், அத்தனைக்கும் கீழே வௌவாலுக்கு நன்றி. குகையும் ஆறும் அரண்மனையும் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் மெனக்கெட்டு எழுதினேன், என் வீட்டில் நான் சம்பளக்காரன் ஆனேன்.

பால்கனிச் சுவரில் வெகுநாளாக விரிசல். கட்டிடத்துச் சொந்தக்காரர் ஒரு விடுமுறை நாளில் ஆள் வைத்து இடித்துப் போட்டார். புதிதாகக் கட்ட மறுநாள் மத்தியானம் செங்கல் வரும் என்று சொல்லி, குறுக்கே சிவப்புத் துணி சுற்றிய கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் அலுவலகத்தை முதலில் திறந்தது நான். மாமா வெளியூர் போயிருந்தார்.

வௌவால் வந்தார், உட்கார்ந்தார், காதில் ஹெட்போனை மாட்டாமலே என் பக்கம் திரும்பினார். "வடக்குக் கோபுரத்துல அந்தச் சுவரை எடுத்துடலாம் சார். யாரும் சாய முடியாத சுவர் எதுக்கு? மாமாகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டார்," என்றார்.

என் மாமாவை அவரும் மாமா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார். என் சுவரை எடுக்கச் சொன்னவர் அவர், இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த வார்த்தைக்குப் பிறகு நடந்தது எல்லாம் அந்த வார்த்தையால் நடந்தது.

கயிற்றை எப்போது அவிழ்த்தேன் என்று கேட்கிறீர்கள். கதவைத் திறந்ததும் அவிழ்த்தேன். ஆமாம், அவர் வருவதற்கு முன்னால்தான். சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். காலில் தட்டினால் அவருக்குச் சந்தேகம் வரும். எது முன், எது பின் என்று பார்ப்பதெல்லாம் வௌவாலின் புத்தி. நீங்களும் அதையே செய்கிறீர்கள்.

முதல் வாக்குமூலத்தில் அந்த நேரம் நான் பிஸ்கட் எடுக்க உள்ளே போயிருந்ததாகச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பிஸ்கட் முன்னமே என் கையில் இருந்தது. பால்கனிக்கு வந்ததும் அவருக்கு ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் பிஸ்கட்டும் கொடுத்தேன்.

அவர் மூக்கைச் சுளித்தார். தூசி வாசனை வருகிறதே என்றார். கீழே டைல்ஸ் அறுக்கிறார்கள் என்றேன். காற்று அதிகமாக இருக்கிறதே என்றார். மழை வரும்போல் மூட்டமாக இருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சுவர் வேலை ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, இழுத்தடிக்கிறார்கள், அதே விரிசல் சுவர்தான், விளிம்பில் எறும்பு ஊர்கிறது, ஊதிவிட்டேன் என்றேன். அந்த எறும்பு என் சொந்தக் கற்பனை. அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக, அவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒரு ஓட்டை கிடையாது.

"சாயலாமா சார்?" என்றார்.

"சாயுங்க," என்றேன்.

நான் அவரைத் தொடவில்லை. தள்ளவில்லை. ஒரு இடத்தை வர்ணித்தேன். அதுதான் என் தொழில். வர்ணனையை நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பாடு.

எல்லோரும் விபத்து என்றார்கள். நீங்களும்கூட அப்படித்தான் எழுதினீர்கள். அவருடைய அக்கா மட்டும் அழுகைக்கு நடுவில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "என் தம்பி கேக்காம எங்கயும் சாய மாட்டான். அன்னிக்கு அவன் யாரைக் கேட்டான்?" கூட்டத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை. கேள்வி என்றால் அது கேள்வி. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். என்னைத்தான் கேட்டான்.

மற்றபடி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என்னை எங்கே வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் என்னுடையதுதான். அவர் அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே உட்கார்ந்து வடக்குக் கோபுரத்தைச் சரிசெய்தேன். மறுநாள் கருத்துப் பக்கம் நிறைந்து வழிந்தது. சுவர் வந்துவிட்டது, வௌவால் இருந்து பார்த்திருக்கலாமே என்று எழுதியிருந்தார்கள். அவர் எடுக்கச் சொன்ன சுவர் அது. அதைக் கட்டியது நான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சந்தேகமாக இருந்தால் நீங்களே உள்ளே போய், மாடிக்கு ஏறி, சுவரில் சாய் என்று தட்டிப் பாருங்கள். இப்போது தாங்கும்.