கண்ணை மூடிக்கொண்ட சாட்சிகள்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். காற்று நேராக முகத்தில் அடித்தால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். பேச்சு தெளிவாக வராது. தெளிவில்லாமல் பேசுவது எனக்குப் பிடிக்காது.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வந்த காலத்தில் நீங்கள் பிறந்தே இருக்கமாட்டீர்கள். தொலைக்காட்சிக்கென்றே எடுத்த பேய்ப் படம். ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது. பிறகு நிலையத்தார் அந்த நாடாவின் மேலேயே ஏதோ சமையல் நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். படம் போயிற்று, பயம் மட்டும் மிஞ்சியது. அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று வழுக்கையும் தொப்பையுமாக உட்கார்ந்து அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வேலையற்றவர்கள்.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. பூட்டிய வீடு, மாடிப்படி, வெள்ளை முக்காடு போட்ட ஓர் உருவம். கடைசியில் அது முக்காட்டை விலக்கி நேராகப் பார்க்கும். அந்த இடத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் விசாரித்தவரையில் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்தப் பேயாக நடித்தது நான்தான் என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது யாரும் மறுக்காததற்கு அதுதான் காரணம். கண்ணை மூடிக்கொண்டவர்களைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

அந்தப் பேரை வைத்துத்தான் பாதி ஆயுளை ஓட்டினேன். விழா மேடைகளில் நாற்காலி போட்டார்கள். முடிவெட்டுகிறவர் "வாங்க பேய் சார்" என்பார். என் மருமகள்கூட, தோழிகள் வந்தால், "எங்க மாமா பேயா நடிச்சவரு, தெரியுமில்ல?" என்பாள். மற்ற நாளில் அவள் என்னிடம் பேசுவதில்லை.

படத்தில் எனக்குக் கொடுத்தது வாட்ச்மேன் வேஷம். லாந்தரைத் தூக்கிக்கொண்டு "யாரது?" என்று ஒரு வார்த்தை. முக்காட்டுக்குள் இருந்தவள் உடை தைக்க வந்த பெண். நடிக்க வேண்டியவள் வராததால் இவளை நிறுத்தினார்கள். ஆனால் பேய் எப்படி நடக்கும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான். குதிகாலை ஊன்றாதே என்றேன். அந்த நடையை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு துணியும் ஒரு தையல்காரியும்தான்.

இனி 'கேசட்டு'. எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பழைய நாடாக்களைச் சுத்தம் செய்து, டிஸ்க்கில் போட்டு விற்பவன். யாரோ வீட்டைக் காலி செய்தபோது, அன்று தொலைக்காட்சியிலிருந்து பதிந்து வைத்த கேசட் ஒன்று அவன் கையில் சிக்கியது. "அண்ணே, உங்க படம் கிடைச்சிருச்சு! முதல்ல நீங்கதான் பார்க்கணும்" என்று போனில் குதித்தான். வளர்ந்த ஆள், ஒரு பேய்ப் படத்துக்காக.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவனே தேநீர் போட்டுக் கொடுத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. கடைசியில முகம் நல்லாவே தெரியுது. அந்த அக்காவையும் தேடிப் பிடிச்சுப் பேசினேன். 'அவரே வச்சுக்கட்டும்ப்பா, எனக்கு அதுல என்ன கொறைஞ்சு போச்சு'ன்னு சிரிக்கிறாங்க. அந்த எடத்துல மட்டும் நாடா கெட்டுப்போன மாதிரி கோடு போட்டுடறேன். யாருக்கும் தெரியாது. நீங்க நிம்மதியா இருங்க."

நாடாவில் ஒரு கோடு விழுந்தாலே சோறு இறங்காத ஆள் அவன். எனக்காகத் தன் கையாலேயே போடுகிறானாம்.

அவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று நான் பயந்ததாக நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவன் சாகும்வரை வாயைத் திறந்திருக்கமாட்டான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண்ணில் பரிதாபம் மட்டும் இருந்திருக்கும். ஒரு கேசட் வியாபாரியும் ஒரு தையல்காரியும் கூடிப் பேசி எனக்கு என் பேயைப் பிச்சை போட்டிருக்கிறார்கள்.

அவன் வேலை செய்யும் விதம் இப்படி. பழைய நாடாக்களில் பூஞ்சை பிடித்திருக்கும். அந்தத் தூள் அவனுக்கு ஆகாது, மூச்சிழுப்பு வந்துவிடும். இருந்தும் ஜன்னலில்லாத ஒரு குட்டி அறையில் முகத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து துடைப்பான். கதவு தானாகத் திறந்துகொள்ளும், உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது என்பதால், தூள் வீட்டுக்குள் பரவாமலிருக்க வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும். தூள் ஒட்டும் என்று சட்டையையும் வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்து அந்தச் சட்டைப் பையில் இருக்கும். அதனால் யாராவது வாசலில் காத்திருக்க வேண்டும். வழக்கமாக மனைவி இருப்பாள்.

"படத்தைப் போட்டுட்டுப் போறேன், பார்த்துக்கிட்டு இருங்கண்ணே. இன்னொரு கேசட்டைத் துடைச்சுட்டு வந்துடறேன். நான் தட்டினா மட்டும் தொறந்துடுங்க."

தாழ்ப்பாளைப் போட்டேன். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து, கசங்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். படம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தட்டினான். முதலில் மரியாதையாக. "அண்ணே" என்றான். பிறகு அந்த மரியாதை தட்டலில் குறைந்தது. வாயில் குறையவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நான் ஒலியைக் கூட்டினேன். வாட்ச்மேன் வந்து அசடு வழிய நின்றுவிட்டுப் போனான். கடைசிக் காட்சியில் நான் கண்ணை மூடவில்லை. அவள் முக்காட்டை விலக்கினாள். சாதாரண முகம். தூக்கம் கெட்டு, பசித்திருந்த ஒரு பெண்ணின் முகம். இதற்கா ஊரே நடுங்கியது? படம் முடிந்தபோது அறைக்குள் சத்தமில்லை.

அவன் மனைவி வந்தபோது, கண்ணயர்ந்துவிட்டேன் என்றேன். அவள் அழுதுகொண்டே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க, வயசாயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அந்தக் குடும்பத்துக்கே இந்தப் பரிதாப வியாதி. நீங்களும் அதை நம்பி, என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பினீர்கள். இன்று உங்கள் ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன், அதை மறந்துவிடாதீர்கள். தூங்கிப்போன கிழவன் என்று ஊர் உச்சுக்கொட்டுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் வாழ முடியாது.

நான் தூங்கவில்லை. அவன் தட்டியது எல்லாமே எனக்குக் கேட்டது. அவனைக் கொன்றது நான்தான்; எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

நீங்களும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தீர்களாம். பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முக்காட்டுக்குள் இருந்தது யார் என்று மட்டும் இனி என்னிடம் கேட்காதீர்கள். அதுவும் நான்தான்.