உமேஷ் சார் தட்டிய பெஞ்சு

நிர்மலா: ...மெதுவாப் பேசுங்க உமேஷ் சார். கதவு தெறந்துதான் இருக்குது. பிரின்சிபால் காதுல விழுந்துரும்.

உமேஷ்: அவரு போன்ல இருக்கறாருங்க மேடம். உள்ள கூப்பிட்டா என்ன சொல்லப் போறீங்க, அதச் சொல்லுங்க.

நிர்மலா: நான் என்னத்தச் சொல்றது? என் வகுப்புல சண்டை வருதான்னு பாத்துட்டு வரச் சொல்லி அவரு அனுப்புனது உங்களைத்தானே?

உமேஷ்: ஆமா...

நிர்மலா: சத்தம் வந்துச்சா?

உமேஷ்: வந்துச்சு.

நிர்மலா: போட்டது யாரு?

உமேஷ்: விட்டுருங்களேன் மேடம்...

நிர்மலா: எப்படி விடறது? காவேரித் தண்ணிய வெச்சு விவாதம். பாதிப் பசங்க மண்டியாவுல இருந்து வந்த கன்னடக்காரங்க. ஒருத்தன் குரல் ஒசத்தல. கணக்கு வாத்தியார் நீங்க பெஞ்சைத் தட்டுன தட்டுல வராந்தாவே அதிருது!

உமேஷ்: நான் பாட்டுக்குக் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஒரு ஆள் குறையுது, நீங்களும் ஒரு சீட்டு எடுங்கன்னு டப்பாவ நீட்டுனது யாரு?

நிர்மலா: அது எங்க வழக்கம். சீட்டுல என்ன வருதோ அந்தக் கட்சிக்குத்தான் பேசோணும். மண்டியா விஜய்குமார் தஞ்சாவூருக்குப் பேசலையா? ஈரோட்டுல சொந்தம் வெச்சிருக்கற மோகனப்ரியா மண்டியாவுக்குப் பேசலையா?

உமேஷ்: எங்கப்பாவுக்குக் கொள்ளேகால்ல நெல்லு வயல். தண்ணி கர்நாடகத்துக்குத்தான்னு கேட்டே வளந்தவன். எனக்குப் போயி தஞ்சாவூருச் சீட்டு!

நிர்மலா: அப்புறம் எதுக்கு அந்தக் கத்து? "ஜூன்ல தண்ணி வரலைன்னா குறுவைய எப்படிம்மா நடுவாங்க?"ன்னு...

உமேஷ்: எப்படி நடுவாங்க? நீங்களே சொல்லுங்க!

நிர்மலா: ஸ்ஸ்ஸ்... மறுபடியுமா!

உமேஷ்: தெரியாம வந்துருச்சு. அந்தப் பொண்ணு மோகனப்ரியாவும் லேசுப்பட்டது இல்லைங்க. "சார், நான் சொன்னத மொதல்ல நீங்க திருப்பிச் சொல்லுங்க"ன்னுட்டா.

நிர்மலா: சரியாத்தான் கேட்டா. எதிராளி சொன்னதத் திருப்பிச் சொல்லி, அவங்க "ஹௌது, ஆமா, அதேதான்"னு ஒத்துக்கிட்டாத்தான் பதில் பேசலாம்.

உமேஷ்: ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் "இல்ல சார்"னு தலையாட்டறா. பசங்க எல்லாம் சிரிக்கறாங்க.

நிர்மலா: நானும்தான் சிரிச்சேன்... ஆனா இப்போ பயமா இருக்குது சார். ஒரு சத்தம் கேட்டாலும் வெள்ளிக்கிழமை விவாதத்தையே நிறுத்திருவேன்னு அவரு சொல்லிருக்காரு. வாரம் பூரா அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நான் காத்துக்கிட்டிருக்கேன். அது போச்சுன்னா எனக்கு இந்தக் காலேஜே வெறிச்சுனு ஆயிரும்.

உமேஷ்: அப்படியெல்லாம் ஆகாதுங்க மேடம்.

நிர்மலா: ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது.

உமேஷ்: சொல்லுங்க.

நிர்மலா: உங்ககிட்ட நீட்டுன டப்பா வேற. அதுல எல்லாச் சீட்டுமே தஞ்சாவூர்தான்.

உமேஷ்: அடப்பாவமே! மேடம்!

நிர்மலா: கையக் கட்டிக்கிட்டு வேவு பாக்கறவரு ஒரு தடவை உள்ள எறங்கிப் பாக்கட்டும்னுதான்... தப்பு என் மேலதான். உள்ள போயி அப்படியே சொல்லிடறேன்.

உமேஷ்: சும்னிரி மேடம், சும்மா இருங்க, உக்காருங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் உள்ள போயிட்டு வந்துட்டேன்.

நிர்மலா: போயி...?

உமேஷ்: பசங்க யாரும் சத்தம் போடல, போட்டது நான்தான்னு சொன்னேன்.

நிர்மலா: ஐயோ! நிறுத்திட்டாரா?

உமேஷ்: சிரிச்சாரு. டைம் டேபிள் மாத்தோணும், மேடத்தை வரச் சொல்லுன்னாரு.

நிர்மலா: டைம் டேபிளா? எதுக்கு?

உமேஷ்: அடுத்த வெள்ளிக்கிழமை என் கணக்கு வகுப்பையும் மேடத்துக்கே குடுத்துருங்க சார், தஞ்சாவூர்க்காரங்களுக்காக நான் பேச வேண்டியது இன்னும் பாதி இருக்குதுன்னு கேட்டுட்டேன்.